நடுவில் வைத்த தண்டு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் உங்களுக்கு உற்சாகமாக ஏதாவது சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்றவர்கள் அப்படித்தான் பேச வேண்டுமாம். உலைக்கு முன்னால் நின்ற காலத்தில் நான் கண்டவற்றில் உற்சாகமானவையும் உண்டு. அவற்றை நீங்களே காலப்போக்கில் கண்டுகொள்வீர்கள். நான் சொல்லப்போவது, மற்றவர்கள் உங்களிடம் சொல்லாமல் விட்டுவிடக்கூடிய ஒரு விஷயம். கேட்டு முடித்ததும் இந்தத் தொழிலே வேண்டாம் என்று யாராவது எழுந்து போனால்கூட நான் தடுக்கமாட்டேன்.

மாத்தளை நகரத்துக்கு வெளியே, தம்புள்ளை வீதியில் இருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த ஒரு தொழிற்சாலையில் நான் வேலை செய்தேன். பிற தொழிற்சாலைகளின் இயந்திர உறுப்புகளை வாங்கி, சூடாக்கி, குளிரவைத்து, உறுதியாக்கித் திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. வெப்பப் பதப்படுத்தும் பகுதிக்கு நான் பொறுப்பு. நிர்வாக இயக்குநரை எல்லோரும் எம்.டி என்போம். உலையை இயக்கியவர் விஜயகுமார். இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், ஐம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தவர், பேச்சில் சிக்கனமானவர். உலை ஓடும்போது அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்தே உள்ளே ஏதாவது சரியில்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு காலம் சேர்ந்து வேலை செய்திருந்தோம்.

எங்களிடம் இருந்தது வெற்றிட உலை. உள்ளே காற்றை அகற்றிவிட்டு, உருக்கு உறுப்புகளை ஆயிரம் பாகைக்கு மேல் சூடாக்கி, பிறகு நைதரசன் வாயுவை அழுத்தத்தோடு உள்ளே விட்டு, பெரிய விசிறியால் சுழற்றிக் குளிர்விக்கும். எண்ணெயில் தோய்ப்பதைவிட இது சுத்தமான வேலை. ஆனால் வாயு எண்ணெயைப் போலச் சூட்டை அள்ளிக்கொண்டு போகாது. அது வேகமாக ஓட வேண்டும்; ஒவ்வொரு உறுப்பின் உடம்பையும் தொட்டுக்கொண்டு ஓட வேண்டும். முதலில் தொட்ட இடத்தில் சூட்டை வாங்கித் தானும் சூடாகி, பின்னால் இருப்பவற்றுக்குக் குறைவாகத்தான் கொடுக்கும். வழி நெருக்கமாக இருந்தால் உள்ளே நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். நிரம்பி வழியும் தம்புள்ளை பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவருக்குச் சட்டை படபடக்கும். நடுவில் நிற்பவருக்கு வியர்வை வழியும். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள்.

அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எம்.டிக்கும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நடந்தது அறியாமையால் நடந்ததல்ல.

எரிபொருளுக்கு வரிசை நின்ற அந்த ஆண்டு உங்களில் பலர் பாடசாலையில் இருந்திருப்பீர்கள். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பதைப் பொறுத்துத்தான் நாங்கள் உலையைத் தொடுவோம். கொழும்பில் இருந்து நைதரசன் கொண்டுவரும் தாங்கி லொறிக்கு, பவுசருக்கு, டீசல் கிடைக்கவில்லை. உலைக்குள் உறுப்புகளின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பிகளில் நீளமானது எரிந்துபோயிருந்தது. புதியது வெளிநாட்டில் இருந்து வர வேண்டும், டொலர் இல்லை. மிஞ்சியிருந்த குட்டைக் கம்பி அடுக்கின் ஓரத்தை மட்டும்தான் எட்டும். நடுவில் என்ன நடக்கிறது என்று அளக்க எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

அந்த நேரத்தில் இரண்டு வேலைகள் காத்திருந்தன. ஒன்று, தேங்காய் அரைக்கும் ஆலைகளுக்கான கத்திகள், ஏராளமாக. மற்றது, தம்புள்ளைக்கு இப்பால் இருந்த ஓர் அலுமினியத் தொழிற்சாலையின் தண்டு. ஜன்னல் சட்டங்களுக்கான அலுமினியப் பட்டிகள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று தெரியாதவர்கள் இடியாப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். சுட்ட அலுமினியக் கட்டிதான் மாவு. அதைப் பின்னால் இருந்து அழுத்தி அச்சு வழியாகத் தள்ளுவது இந்த உருக்குத் தண்டு. ஒரு மனிதனின் தொடையைவிடப் பருமன். பெரும் பாரத்தைத் தாங்கிக்கொண்டு வேலை செய்வது. அது உடைந்தால் சும்மா உடையாது; சிதறும்.

தொட்டியில் ஒரு முறை முழு அழுத்தத்தில் குளிர்விக்க மட்டுமே நைதரசன் இருந்தது. காலையில் எம்.டி நேராக உலையடிக்கு வந்தார்.

"ரெண்டையும் ஒண்ணா போட்டுருங்க மிஸ்," என்றார்.

"ஒண்ணா போட ஏலாது சேர். ஒண்ணு தண்டைப் போடுவோம், இல்லன்னா கத்தியைப் போடுவோம். தண்டு நடுவுலதான் நிக்கும், வேற எங்கயும் கொள்ளாது. சுத்தி கத்தி அடுக்கினா அதுக்குக் காத்தே போகாது."

"கொஞ்சம் இடைவெளி விட்டு அடுக்குங்க."

விஜயகுமார் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இடைவெளி விட்டா பாதிக் கத்திதான் சேர் கொள்ளும். முழுக்க வச்சா சுவர் கட்டின மாதிரி. நடுவுல உள்ளது செவந்துகிட்டேதான் இருக்கும்."

"அப்ப நாளைக்கு கரண்ட் இருக்கும்னு நீ சொல்றியா? பவுசர் வரும்னு சொல்றியா?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

"எனக்கும் தெரியாது. அதனாலதான் இன்னைக்கே ரெண்டும் போகணும்னு சொல்றேன். ரெண்டு கஸ்டமரும் கைவிட்டுப் போனாங்கன்னா இந்த கேட்டை மூடிட்டு நாம எல்லாரும் வரிசையில போய் நிக்க வேண்டியதுதான்."

"சேர், நாங்க ரெண்டு பேரும் வேணாம்னு சொல்றோம். அதைத் தெரிஞ்சுக்கிட்டே சொல்றீங்களா?" என்று நான் கேட்டேன்.

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் சொல்றேன். போடுங்க."

அவர் கொடுமைக்காரர் அல்லர். அந்த மாதங்களில் ஒருவரைக்கூட அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. சம்பள நாளில் அவர் முகம் எப்படி இருந்தது என்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் கொடியவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உலை சூடேறியது. நைதரசன் உள்ளே பாய்ந்து விசிறி சுழலத் தொடங்கியதும் திரையில் சூட்டின் கோடு இறங்கியது. அவ்வளவு அழகான கோட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. பாடப்புத்தகத்தில் போடலாம். ஓரத்தில் இருந்த குட்டைக் கம்பி காட்டிய கோடு அது. எம்.டி திரைக்கு முன்னால் நின்று, "பாருங்க, என்ன குறை?" என்றார்.

விஜயகுமார் திரையைப் பார்க்கவில்லை. உலைக் கதவில் இருந்த சிறிய கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். "மிஸ், வந்து பாருங்க," என்றார்.

பார்த்தேன். கத்திகள் கறுத்துவிட்டிருந்தன. அவற்றின் இடுக்கு வழியாக நடுவில் ஒரு செம்மை தெரிந்தது. அது மங்க நெடுநேரம் எடுத்தது. நான் எம்.டியைக் கூப்பிட்டேன். அவர் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அலுவலகத்துக்குப் போனார்.

இனி நான் சொல்வதை இந்தத் தொழிலில் இருக்கும்வரை மறக்காதீர்கள். மெதுவாகக் குளிர்ந்த தண்டைப் பதப்படுத்தி முடித்துக் கடினத்தன்மையைச் சோதித்தோம். கேட்ட அளவு சரியாக வந்தது. அந்த வகை உருக்கில் அப்படி வரும். மெதுவாகக் குளிரும்போது உருக்குக்குள் இருக்கும் நுண்ணிய மணிகளுக்கு நடுவே நொறுங்கக்கூடிய ஒரு மெல்லிய படிவு வலைபோலப் படிந்துவிடும். மேலே அழுத்திச் சோதிக்கும் ஊசிக்கு அது தெரியாது. தண்டு கடினமாகத்தான் இருக்கும்; அடியைத் தாங்காது. இலக்கம் சரி, பொருள் பிழை.

தண்டை நிறுத்திவைக்கச் சொன்னேன். பழையபடி மென்மையாக்கி, தனியாக வைத்து மறுபடி செய்ய வேண்டும் என்றேன். எம்.டி சோதனை இலக்கத்தை விரலால் தட்டிக் காட்டினார். வாசலில் வாடிக்கையாளரின் லொறி நின்றது. சான்றிதழில் எம்.டியே கையொப்பமிட்டார். நான் அலுமினியத் தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரிக்குத் தொலைபேசியில் பேசி, அந்தத் தண்டைப் பாவிக்க வேண்டாம் என்றேன்.

"உங்க கம்பனி சர்ட்டிபிகேட் தந்திருக்கே மிஸ். நான் அதை எடுக்கவா, நீங்க போன்ல சொல்றதை எடுக்கவா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

சில வாரங்கள் கழித்துத் தண்டு உடைந்தது. பாதுகாப்பு வலையைத் தாண்டி வந்த ஒரு சிதறல் துண்டு, அழுத்தும் இயந்திரத்தை ஓட்டியவரின் இடக்கண்ணில் பாய்ந்தது. அவர் பெயர் சிறில். வஹகோட்டைக்காரர்.

செய்தியை எம்.டிதான் என்னிடம் சொன்னார். "ஆப்பரேட்டர் கட்டியைச் சரியா சூடாக்காம தள்ளிட்டானாம். அவங்க மனேஜரே சொல்லிட்டார். நம்ம பக்கம் ஒண்ணும் இல்லை மிஸ்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த நிம்மதியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து சிறில் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை விஜயகுமார் தன் ஓட்டோவை எடுத்துக்கொண்டு வந்தார். எரிபொருள் அளந்து கொடுத்த காலம் அது. அந்த வாரத்துக்குக் கிடைத்ததை அவர் இந்தப் பயணத்துக்காக வைத்திருந்தார். நான் கேட்டிருக்கவில்லை. "போய்ப் பாக்காம இருக்க ஏலாது மிஸ்," என்றார்.

வஹகோட்டையில் தேவாலயத்தில் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சிறில் வீட்டில் படுத்திருந்தார். பாதி முகம் கட்டுப்போட்டிருந்தது. நாங்கள் எந்தத் தொழிற்சாலையில் இருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னதும் அவர் மனைவி தேநீர் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சிறில் சிங்களத்தில் பேசினார்.

"கட்டி சூடாகத்தான் இருந்தது மிஸ். நான் பார்த்துத்தான் தள்ளினேன். கட்டி குளிர்ந்திருந்தால் மெஷின் முக்கிக்கொண்டு நின்றுவிடும். தண்டு உடையாது. இது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் சொல்லவில்லை."

"கண் போனதுக்கு இவர் அழவில்லை," என்றார் மனைவி. "வேலை தெரியாதவன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களே, அதற்குத்தான் அழுகிறார்."

உடைந்த துண்டுகள் எங்கே என்று கேட்டேன். அன்றே தரையைக் கழுவித் துண்டுகளை ஒதுக்கிவிட்டார்களாம். கலேவெலயில் இருந்து பழைய இரும்பு ஏற்ற வரும் லொறி அவற்றை முந்தின நாள்தான் கொண்டுபோனதாகச் சிறிலின் நண்பர் சொல்லியிருந்தார்.

விபத்து நடந்த இடத்தில் முதலில் நடப்பது கூட்டிப் பெருக்குவதுதான். இதை எங்கும் பார்த்துவிட்டேன். காயம்பட்டவரை ஏற்றிய வண்டி வாசலைத் தாண்டுமுன்பே யாரோ தும்புத்தடியை எடுத்துவிடுவார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். பார்க்க முடியாததைப் பார்வையில் இருந்து அகற்றுகிறார்கள். ஆனால் நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே பொருளும் அதோடு போய்விடுகிறது.

கலேவெலயில் அந்தப் பழைய இரும்புக் கடையை ரஸாக் ஹாஜியார் நடத்தினார். வெள்ளைத் தொப்பியும் கிறீஸ் படிந்த சாரமுமாக ஒரு பழைய லொறி ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். வளவு முழுக்க இரும்பு மலை. ஒரு மூலையில் ஒருவர் வாயுச் சுடரால் இரும்பை வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க மிஸ்?" என்றார் ஹாஜியார்.

சொன்னேன்.

"நேத்து வந்த சாமானா? அந்தப் பக்கம்தான் கொட்டின. பெரிய துண்டெல்லாம் வெட்டித்தான் ஏத்தணும். வெட்டத் தொடங்கிட்டானே."

"வெட்ட வேணாம்னு சொல்லுங்க. சூடு பட்டா உள்ளுக்கு இருக்கிறது மாறிப் போயிரும். அப்புறம் அது எதையும் சொல்லாது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குரல் கொடுத்துச் சுடரை அணைக்கச் சொன்னார். விஜயகுமார் அதற்குள் குவியலில் ஏறியிருந்தார். தகடுகளையும் தேய்ந்த பல்சக்கரங்களையும் வெறுங்கையால் புரட்டிப் போட்டார். புறங்கையில் கிழித்து இரத்தம் வந்தது, அவர் கவனிக்கவில்லை. குவியலின் அடியில், வெட்டுபவரின் கைக்கு அடுத்ததாக அது கிடந்தது. ஒரு பக்க முகத்தில் எங்கள் அடையாளக் குறி. அதை அடித்ததே விஜயகுமார்தான்.

"இதுதான் மிஸ்," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். எங்கும் இழுபட்ட அடையாளம் இல்லை. கற்கண்டை உடைத்ததுபோல் பளிச்சென்று மணி மணியாக இருந்தது.

"இது எதுக்கு மிஸ் உங்களுக்கு?" என்றார் ஹாஜியார்.

"இது உடைஞ்சு ஒருத்தருக்குக் கண்ணு போயிட்டு. அவர்ட பிழையாலதான் உடைஞ்சதுன்னு வேலையை விட்டும் அனுப்பிட்டாங்க. அப்படி இல்லைன்னு காட்டணும்."

"அப்ப கொண்டுபோங்க. இதுக்கு என்ன கணக்கு," என்று எழுந்து வந்து அவரே ஒரு முனையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினார்.

திரும்பி வரும்போது விஜயகுமாரிடம் கேட்டேன்: "விஜயகுமார், இதைச் சோதிச்சா நம்ம ஃபேக்டரி பிழைன்னுதான் வரும். தெரியும்தானே?"

"வரட்டும் மிஸ். நாங்க வேணாம்னுதானே சொன்னோம். சேர் முன்னாலதானே சொன்னோம்."

ஆமாம் என்றேன். எனக்கும் அவ்வளவுதான் தோன்றியது.

கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்த என் பழைய வகுப்புத் தோழி அந்தத் துண்டை அறுத்து, மெருகேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். மணிகளைச் சுற்றி வலை, நான் நினைத்த இடத்தில், நினைத்தபடி. "இது மெதுவா ஆறிப்போன உருக்கு," என்றாள். "இதை யாரடி நடுவுல வச்சு அடைச்சது?"

இரண்டு தொழிற்சாலைக்காரரும் ஒரு கூட்டம் கூட்டினார்கள். நான் விளக்கினேன். கடினத்தன்மை சரியாக இருந்தும் ஏன் உடைந்தது, ஓரத்துச் சூடும் நடுச் சூடும் எப்படி வேறுபட்டன, கட்டி குளிர்ந்திருந்தால் இயந்திரம் ஏன் நின்றிருக்கும் என்றெல்லாம். எதிர்ப்பார்கள் என்று எதிர்பார்த்துப் பதில்களோடு போயிருந்தேன். யாரும் எதிர்க்கவில்லை. அலுமினியத் தொழிற்சாலை முகாமையாளர் தலையசைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இது நல்ல செய்தி. பிழை தன் கூரைக்கு வெளியே போகிறது. சிறில் மீது பிழை இல்லை என்று அந்த இடத்திலேயே சொன்னார்.

பிறகு கேட்டார்: "அப்ப உலையில அப்படி நெருக்கி அடுக்கினது யார்?"

எம்.டி கொஞ்சமும் தயங்கவில்லை. "உலை ஆப்பரேட்டர்," என்றார்.

"சேர், நீங்க சொல்லித்தானே அடுக்கினார்," என்றேன். "நான் பக்கத்துல நின்னேன். நாங்க ரெண்டு பேரும் வேணாம்னு சொன்னோம். நீங்க தெரிஞ்சுக்கிட்டே சொல்றேன்னு சொன்னீங்க."

"அடுக்கச் சொன்னேன். இடைவெளி விட்டு அடுக்கச் சொன்னேன்."

"கத்தி அவ்வளவும் போகணும்னும் சொன்னீங்க."

முகாமையாளர் கையை உயர்த்தினார். "மிஸ், உங்க உள் விஷயங்களை நீங்க பேசித் தீர்த்துக்கொள்ளுங்க. எங்களுக்குத் தொழில்நுட்பக் காரணம் தெரிஞ்சா போதும். அது தெளிவா விளங்கிட்டு. நன்றி."

உண்மையில் என் விளக்கம் தெளிவாகத்தான் இருந்தது. தொழில்நுட்பக் காரணம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது வாயுவையும் கத்திகளையும் தண்டையும் அடுக்கிய கையையும் மட்டும். அடுக்கச் சொன்ன வாய் அதில் சேரவில்லை. இடைவெளி விடச் சொன்னது உண்மை. அத்தனை கத்தியும் போக வேண்டும் என்றதும் உண்மை. இரண்டும் ஒன்றாக நடக்க முடியாது என்பதைத்தான் விஜயகுமார் அவரிடம் சொல்லியிருந்தார்.

விஜயகுமாரை முதலில் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பிறகு வரவேண்டாம் என்றார்கள். முறைப்பாடு செய்ய நான் தொழில் அலுவலகத்துக்கு அவரோடு போனேன். கண்டதைக் கேட்டதைச் சொன்னேன். கம்பனித் தரப்பு வராத நாட்களும், ஆட்களைக் கூட்டிவந்து வேறு விதமாகச் சொல்லவைத்த நாட்களும் இருந்தன. அன்று உலையடியில் நின்றவர்களில் எங்கள் பக்கம் பேச ஒருவரும் வரவில்லை. எல்லோருடைய பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். இழுபட்டு இழுபட்டு, ஒரு விசாரணைத் தவணைக்கு விஜயகுமார் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை.

எனக்கு ஓய்வு வயது வந்தது. முன்பு தருவதாகச் சொல்லியிருந்த சேவை நீடிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பிரியாவிடை வைத்தார்கள். எம்.டி எனக்குப் பொன்னாடை போர்த்தி, "உண்மையைச் சொல்ல ஒருநாளும் அஞ்சாதவர்" என்று பேசினார். குரல் தழுதழுத்தது. நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கேக் வெட்டினேன்.

ஆகவே உண்மையைச் சொல்லுங்கள் என்று வாய் நிறைய உங்களுக்குப் புத்தி சொல்ல என்னால் முடியாது. உண்மை வாயுவைப் போலத்தான் போகிறது. எந்தப் பக்கம் வழி இருக்கிறதோ அந்தப் பக்கம். எங்கள் தொழிற்சாலையில் வழி கீழ்ப்பக்கம்தான் இருந்தது. வேண்டுமானால் இதைச் செய்யுங்கள்: பிழை என்று உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்யும்படி மேலே இருப்பவர் சொன்னால், கையுறையைக் கழற்றி அவரிடம் கொடுங்கள். அவரே அடுக்கட்டும். பொத்தானை அவரே அழுத்தட்டும். எல்லோரும் பார்க்கட்டும். அதற்காக உங்களை வேலையை விட்டு அனுப்பக்கூடும். விஜயகுமாரையும் அனுப்பினார்கள்தானே. ஆனால் செய்யாத பிழையைச் சுமந்துகொண்டு நீங்கள் போகமாட்டீர்கள்.

சிறிலைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். ஒரு கண்ணோடு இயந்திரத்தில் நிற்க முடியாது என்பதால் வாசலில் காவல். கிறிஸ்மஸுக்கு முன்னால் மனைவியோடு என் வீட்டுக்கு வந்தார். இரண்டு பொதிகளில் கொக்கிஸும் பலகாரமும். ஒன்று எனக்கு. மற்றது, "குவியலில் ஏறித் தேடினாரே, அந்த அண்ணனுக்கு" என்றார். அந்த அண்ணனுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கட்டவிழ்த்த முகத்தில் மீதிக் கண் சிரித்துக்கொண்டிருந்தது.

விஜயகுமார் அப்போது தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் இருந்தார். மரக்கறி லொறிகளில் மூட்டை ஏற்றும் வேலை. ஓட்டோவை விற்றுவிட்டிருந்தார். நான் பொதியை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் போனேன். கோவா, கரட் மூட்டைகளுக்கு நடுவில் அவரைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. என்னைப் பார்த்ததும் தோளில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மிஸ் ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

பொதியைக் கொடுத்தேன். யார் தந்தது என்று சொன்னேன். வாங்கிக்கொண்டார்.

"கண்ணு எப்படி இருக்காம்?"

"போனது போனதுதான். வேலை கிடைச்சிட்டு. வாசல்ல நிக்கிறார்."

"நல்லது," என்றார். உண்மையாகவே நல்லது என்றுதான் சொன்னார்.

தொழில் அலுவலகத்துக்கு மறுபடி போவோம், நான் வருகிறேன், இன்னும் பிந்திவிடவில்லை என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

"மிஸ்," என்றார் விஜயகுமார். "உங்க மேல எனக்குக் கோவம் இல்லை. அதை நீங்க மனசுல வச்சிக்க வேணாம். ஆனா ஒண்ணு சொல்றேன். இனி ஒரு தடவை அப்படி ஒரு துண்டு எங்கயாவது கெடந்து, அது என் கண்ணுல பட்டாலும், நான் பாக்காத மாதிரித்தான் போவேன்."

கோபமோ அழுகையோ இல்லாமல், விலை சொல்வதுபோல் சொன்னார். பிறகு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்கு மறுமொழியாக ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு நான் பஸ் நிலையம் வரை நடந்தேன். இன்றுவரை கிடைக்கவில்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் அதை என்னிடம் சொல்ல வேண்டாம். அவர் காலையில் தம்புள்ளையில்தான் இருப்பார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.